காற்றில்லாத விடியலும் ஓர் உயிர்வேலியும்: பன்ஸ்ஃபீல்ட் பெட்ரோல் மேகம் பரவிய விதம்

எதைப் பற்றிய பதிவு இது

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் ஊரின் ஓரத்தில் இருக்கிறது பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அங்கே ஒரு பெட்ரோல் டேங்க் நிரம்பி வழிந்தது. வழிந்த பெட்ரோலிலிருந்து கிளம்பிய ஆவி தரையோடு தரையாகப் பரவி, கிடங்கின் எல்லையைத் தாண்டி, காலை 06:01 மணிக்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தார்கள். யாரும் இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த தொழிற்பேட்டை ஞாயிறு என்பதால் காலியாகக் கிடந்தது. வேலை நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கை நடுங்குகிறது.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் டேங்க் ஏன் வழிந்தது என்பதைத்தான் எழுதுகிறார்கள். அது எழுத வேண்டியதுதான். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த பகுதியை. வழியத் தொடங்கியதற்கும் வெடித்ததற்கும் நடுவே இருந்த சுமார் 24 நிமிடத்தில் அந்த ஆவி எந்த வழியாகப் போனது, எங்கே தேங்கியது, பிற்பாடு அதைக் கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்தவர்கள் என்னென்ன முடிவுகளை எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதை. சுவர், கட்டிடம், வேலி ஆகியவற்றுக்கு நடுவே கனமான வாயு எப்படிப் பரவும் என்று கணக்கிடும் வேலையில் இருப்பவன் நான். புதிதாக ஒரு தளத்தின் வரைபடத்தை விரிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பன்ஸ்ஃபீல்ட்தான்.

பின்னணி: கனமான வாயு எப்படி நடந்துகொள்ளும்

கல்யாண மேடைகளில் உலர்பனிக் கட்டி மேல் தண்ணீர் ஊற்றி வெண்புகை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் புகை மேலே போகாது. மேடையில் படர்ந்து, விளிம்புக்கு வந்து, படிப்படியாக வழிந்து இறங்கும். நடுவில் ஒரு நாற்காலிக் கால் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும். யாராவது வேகமாக நடந்துபோனால்தான் கலையும். காற்றைவிடக் கனமான எந்த வாயுவும் இப்படித்தான். மடை திறந்த தண்ணீர் வயலில் பாய்வதற்கும் இதற்கும் இயற்பியலில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர் வேகமாக ஓடும், இது மெதுவாக ஓடும், அவ்வளவுதான். தண்ணீருக்கு வரப்பு எப்படியோ அப்படித்தான் இந்த ஆவிக்குச் சுவரும் வேலியும்.

பெட்ரோல் ஆவி இரண்டு காரணங்களால் கனமாகிறது. அதிலுள்ள பியூட்டேன், பென்டேன் போன்றவற்றின் மூலக்கூறுகளே காற்றைவிட எடை கூடியவை. பியூட்டேன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குளிர்கால பெட்ரோலில் வண்டி எளிதாகக் கிளம்ப வேண்டும் என்று பியூட்டேனைக் கூடுதலாகக் கலப்பார்கள். இரண்டாவது காரணம், பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது, குளிர்ந்த காற்று கனக்கிறது. தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கலவையில் 5 சதவீதம் எரிபொருள் ஆவி இருந்து, வெப்பநிலையும் 10 டிகிரி இறங்கியிருந்தால், அந்த மேகம் சுற்றுக் காற்றைவிட 8 அல்லது 9 சதவீதம் கனமாக இருக்கும். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 2 மீட்டர் ஆழமுள்ள மேகத்தின் முகப்பை நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் தள்ள அதுவே போதும். ஒரு மனிதர் நடக்கும் வேகம். காற்றே வீச வேண்டியதில்லை.

2005க்கு முன்பே இந்தத் துறையில் நல்ல தரவு இல்லாமல் இல்லை. 1982 முதல் 1984 வரை இங்கிலாந்தின் தென்கரையில் தார்னி தீவில், பழைய விமானத் தளம் ஒன்றில், ஃப்ரியான் என்ற கனமான குளிர்பதன வாயுவும் நைட்ரஜனும் கலந்த 2000 கன மீட்டர் வாயுவை ஒரே நேரத்தில் திறந்துவிட்டு அளந்தார்கள். முதல் சுற்றுச் சோதனைகள் வெறும் தரையில் நடந்தன. இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே தடைகளை வைத்தார்கள்: அரைவட்டமாக 5 மீட்டர் உயரத் தடுப்பு, வாயு ஊடுருவிப் போகக்கூடிய திரைகள், 9 மீட்டர் பக்கம் கொண்ட கனசதுரக் கட்டிடம். தடைகளை வைத்துக் கணிக்கும் எந்த மென்பொருளும் இன்றுவரை இந்தத் தரவோடு தன்னை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் அன்றாட அபாய மதிப்பீடுகளில் பயன்பட்டவை பெரும்பாலும் எளிய மாடல்கள்தான். தரை தட்டை, தடை எதுவும் இல்லை, ஒரே சீராகக் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடுபவை. எரிபொருள் கிடங்குகளுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. திறந்த வெளியில் பெட்ரோல் ஆவி இவ்வளவு கடுமையாக வெடிக்காது என்பது அன்றைய பொதுக் கருத்து. கிடங்குக்குப் பக்கத்தில் என்ன கட்டலாம் என்பதை, டைக் சுவருக்குள் (டேங்கிலிருந்து கொட்டும் திரவம் வெளியே ஓடாமல் தடுக்கச் சுற்றிக் கட்டும் சுவர்) தேங்கிய எரிபொருள் தீப்பிடித்தால் எவ்வளவு தூரம் சுடும் என்பதை வைத்தே முடிவு செய்தார்கள். 1983இல் அமெரிக்காவின் நியூவார்க்கிலும், 1985இல் இத்தாலியின் நேப்பிள்ஸிலும் டேங்க் வழிந்து மேகம் வெடித்திருந்தது. அந்த எச்சரிக்கைகள் கணக்குக்குள் வரவில்லை.

24 நிமிடத்தில் நடந்தது

912 என்ற எண்ணுள்ள டேங்குக்குள் முந்தின நாள் மாலையிலிருந்து குழாய் வழியாக பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலை 03:00 மணி வாக்கில் டேங்கில் எவ்வளவு உயரம் பெட்ரோல் இருக்கிறது என்று காட்டும் லெவல் கேஜின் அளவு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பெட்ரோல் ஏறிக்கொண்டேயிருந்தது. அந்தக் கேஜ் அந்த ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்து 14 முறை இப்படிச் சிக்கியிருந்தது. கேஜ் ஏமாற்றினாலும் காப்பாற்ற வேண்டிய தனி உயர்மட்ட ஸ்விட்சும், அதாவது டேங்க் நிரம்பப் போகும்போது வரத்தைத் தானாக நிறுத்த வேண்டிய ஸ்விட்சும், வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோல் சரியான நிலையில் நிற்க ஒரு சிறிய பூட்டு வேண்டும். அது அழகுக்கு மாட்டும் பூட்டு இல்லை, ஸ்விட்ச் இயங்குவதே அதை நம்பித்தான் என்பது அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பூட்டு மாட்டப்படவில்லை.

05:37 மணிக்கு டேங்கின் கூரையிலிருந்து பெட்ரோல் வழியத் தொடங்கியது. அது சுவரோடு ஒட்டி அமைதியாக வழிந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். கூரை விளிம்பில் ஒரு தகடு இருந்தது, தீ விபத்தின்போது தண்ணீரைச் சுவர்மேல் திருப்புவதற்காக. சுவரின் நடுவில் காற்றழுத்தத்தைத் தாங்கும் வளையமும் இருந்தது. பெட்ரோல் இவற்றில் மோதிச் சிதறி, பல மீட்டர் உயரத்திலிருந்து அருவி போல் விழுந்தது. விழும் துளிகள் காற்றை இழுத்துக்கொண்டு இறங்கின. துளி சிறிதாகச் சிறிதாக ஆவியாவது அதிகம். மேகத்தை உண்டாக்கும் இயந்திரம் போலவே அந்த டேங்க் நின்றது.

அடுத்த நிமிடத்திலேயே டைக் சுவருக்கு அருகே வெண்மையாக ஏதோ படர்வது சிசிடிவியில் பதிவானது. 05:46 வாக்கில் அது சுமார் 2 மீட்டர் ஆழமாகி, டைக்கைத் தாண்டி எல்லாப் பக்கமும் இறங்கிக்கொண்டிருந்தது. 05:50 வாக்கில் கிடங்கின் எல்லையைக் கடந்து, பக்கத்துச் சாலைகள் சந்திக்கும் இடத்தில், தரையின் சரிவைப் பின்பற்றி வெளியே ஓடத் தொடங்கியது. அதே நேரத்தில்தான் டேங்குக்குள் வரும் பெட்ரோலின் வேகமும் மணிக்கு 550 கன மீட்டரிலிருந்து 890 கன மீட்டர் வரை கூடியது. மேற்கே அலுவலகக் கட்டிடங்களின் கார் நிறுத்துமிடம் வரை மேகம் போனது. வடக்கே, கிழக்கே பக்கத்து நிறுவனத்தின் வளாகத்துக்குள்ளும் நுழைந்தது. தெற்கே டேங்கர் லாரிகளுக்கு எரிபொருள் நிரப்பும் இடத்தை எட்டவில்லை.

ஒரு டேங்கர் லாரி ஓட்டுநர் ஆவியைப் பார்த்து ஊழியர்களிடம் சொன்னார். 06:01க்குத் தீ எச்சரிக்கைப் பொத்தான் அழுத்தப்பட்டது. அழுத்தியவுடன் தீயணைப்பு பம்ப் தானாக ஓடத் தொடங்கும். பம்ப் அறை அப்போது மேகத்துக்குள் மூழ்கியிருந்தது. பெரும்பாலும் அங்கே தோன்றிய பொறிதான் பற்ற வைத்தது என்பது விசாரணையின் முடிவு. பொத்தானை அழுத்தியவர் செய்தது சரியான செயல். ஆவி எங்கே போகும் என்று யாரும் முன்கூட்டிக் கணக்கிட்டு வைக்காததால் சரியான செயலே பற்ற வைத்துவிட்டது. இதை நான் எப்போது படித்தாலும் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை.

அதுவரை 250,000 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வெளியேறியிருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெரிய டேங்குகளில் தீ பரவி, ஐந்து நாள் எரிந்தது.

கணக்கிட உட்கார்ந்தவர்கள் முன் இருந்த கேள்வி

வெடிப்பின் வலிமை எந்த மாடலுக்கும் பொருந்தவில்லை. வழக்கமாக, குழாய்களும் கருவிகளும் நெருக்கமாக இருக்கும் ஆலைக்குள்தான் தீச்சுடர் வேகம் பிடிக்கும். இங்கே மேகத்தின் பெரும்பகுதி இருந்தது கார் நிறுத்துமிடத்திலும் சாலையிலும் புல்லிலும். ஆகவே முதலில் தெரிய வேண்டியது, எந்த இடத்தில் எவ்வளவு ஆவி, எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பது. அது தெரியாமல் வெடிப்பைப் பற்றிப் பேசுவது வீண்.

பக்ஸ்டனில் இருக்கும் பிரிட்டிஷ் அரசின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். எளிய மாடல்கள் உதவாது என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். காரணம் வெளிப்படையானது. அந்த மாடல்களில் காற்றின் வேகம் வகுக்கும் இடத்தில் நிற்கிறது. அன்றைக்குக் காற்று ஏறக்குறைய இல்லை. வேகத்தைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் செறிவு எல்லையில்லாமல் ஏறும், விடைக்கு அர்த்தம் இருக்காது. ஆக, வெளியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஓட்டத்தைத் தீர்க்கும் முழு முப்பரிமாணக் கணிப்புக்கே, அதாவது சிஎஃப்டிக்கே போனார்கள்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, அருவியையும் மேகத்தையும் தனித்தனியாகப் பார்ப்பது. மில்லிமீட்டர் அளவுத் துளியையும் நூற்றுக்கணக்கான மீட்டர் பரப்பையும் ஒரே கணக்கில் அடக்க முடியாது. அருவி எவ்வளவு காற்றை இழுக்கிறது, எவ்வளவு பெட்ரோல் ஆவியாகிறது என்பதைத் தனியாகக் கண்டு, அதை டைக்குள் இருக்கும் ஆவி ஊற்றாக மேகக் கணக்குக்குக் கொடுத்தார்கள். பின்னர் அருவியையே சோதனைக்கூடத்தில் உண்டாக்கி அளந்தும் பார்த்தார்கள். இதில் நான் முக்கியமாக நினைப்பது டைக் சுவரின் பங்கு. அது பெட்ரோலைத் தடுக்கத்தான் கட்டப்பட்டது. ஆனால் கனமான ஆவியும் அதற்குள் தேங்கி நிற்கும். அப்புறம் விழும் அருவி புதுக் காற்றுக்குப் பதிலாக ஏற்கெனவே ஆவி கலந்த காற்றையே மறுபடி இழுக்கும். மேகம் இன்னும் செறிவாகும். திரவத்துக்குப் பாதுகாப்பாக இருக்கும் சுவர் ஆவிக்கு அப்படியிருக்க வேண்டும் என்பதில்லை.

இரண்டாவது முடிவுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது: மூடுபனியை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. பெட்ரோல் ஆவிக்கு நிறம் இல்லை. கேமராவில் தெரிந்தது ஆவியே அல்ல. அன்று காற்று ஈரப்பதம் நிறைந்து, உறைநிலைக்குப் பக்கத்தில் இருந்தது. பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்பட்ட குளிர்ச்சியில் காற்றிலிருந்த நீர் பனித்துகளாகி வெண்மையாகத் தெரிந்தது. ஈரப்பதம் அவ்வளவு அதிகமாக இருந்ததால் பனியின் ஓரம் எங்கே இருந்ததோ ஏறக்குறைய அங்கேதான் மேகத்தின் ஓரமும் இருந்திருக்க வேண்டும். வறண்ட நாளாக இருந்தால் பனி பாதியில் கரைந்து, ஆவி கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் தூரம் போயிருக்கும். எந்தக் கேமராவை எந்த நிமிடத்தில் பனி அடைந்தது, விளக்குக் கம்பத்தில் எந்த உயரம் வரை ஏறியது என்று குறித்தபோது, யாரும் திட்டமிடாத ஒரு முழு அளவிலான சோதனை கைக்கு வந்தது. தார்னி தீவில் கம்பங்களில் கருவிகளைக் கட்டி அளந்ததை இங்கே அக்கம்பக்கத்துக் கேமராக்கள் செய்திருந்தன. இதோடு வெடிப்புக்குப் பின் கருகியிருந்த புல்லும் செடிகளும் மேகம் எதுவரை போனது என்பதற்குச் சாட்சி.

மூன்றாவது, நிலத்தை உள்ளபடியே வைப்பது. 100 மீட்டருக்கு 2 மீட்டர் சரிவு என்றால் நடந்துபோகும்போது கால்கூட உணராது. வரைபடத்தில் அதைத் தட்டை என்றுதான் எழுதுவோம். ஆனால் மேகத்தின் ஆழமே 2 மீட்டர்தான் என்பதை யோசியுங்கள். 100 மீட்டர் தள்ளி, நாம் கண்டுகொள்ளாத சரிவு மேகத்தின் முழு உயரத்துக்குச் சமம். தண்ணீர் பாய்ச்சுகிற எந்த விவசாயியும் வயலை இப்படிச் சமம் என்று எழுத மாட்டார்.

நான்காவது, உயிர்வேலி. அந்தப் பகுதிச் சாலைகளின் இருபுறமும் மரங்களும் அடர்ந்த புதர்களும் வரிசையாக இருந்தன. டிசம்பரில் பல மரங்களில் இலை இருக்காது, கிளை மட்டும். இதைச் சுவர் என்று எடுத்துக்கொள்வதா, ஒன்றுமே இல்லை என்று விடுவதா? இரண்டும் தவறு. ஊடுருவக்கூடிய தடையாக, அதாவது ஓட்டத்துக்கு எதிர்ப்புக் கொடுத்தாலும் முழுதாக நிறுத்தாத ஒரு பட்டையாக வைப்பதே சரி. பலமான காற்றில் ஒரு வேலி கொஞ்சம் கொந்தளிப்பைச் சேர்க்கும், வாயுவைக் கலைக்க உதவும். காற்று இல்லாத நேரத்தில் அதன் வேலை நேர் எதிராகிறது. தன் எடையால் மட்டுமே நகரும் மேகத்துக்குப் பின்னாலிருந்து தள்ள வேறு விசை கிடையாது. வேலியில் மோதினால் முன்பக்கம் தேங்கி உயர்கிறது. உயர்ந்த பிறகே கசிந்து அந்தப் பக்கம் போகிறது, அல்லது வேலியை ஒட்டியே ஓடி இடைவெளி கிடைக்கும் இடத்தில் வெளியேறுகிறது. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் தண்ணீர் அதைத் தேடிப் போகும், இல்லையா, அதே மாதிரி.

சரி, இத்தனை அனுமானத்தையும் ஒரே தடவை போட்டு ஒரு விடை எடுத்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர்கள் சரிவு, வேலி, தரையின் சொரசொரப்பு என்று ஒவ்வொன்றையும் மாற்றி மறுபடி மறுபடி ஓட்டினார்கள். எது மாறினால் விடை எவ்வளவு மாறுகிறது என்று பார்த்தார்கள். வேலை நெருக்கடியில் நாங்கள் முதலில் வெட்டிவிடுவது இந்தப் பகுதியைத்தான். வெட்டக் கூடாத பகுதியும் இதுதான்.

கணக்கு காட்டியது

தரையை மேசை போல வைத்து, தடைகளை எடுத்துவிட்டால் காற்றில்லாத மேகம் ஏறக்குறைய வட்டமாகத்தான் விரியும். கேமராக்களில் பதிவானது வட்டம் அல்ல. சரிவையும் வேலியையும் கட்டிடங்களையும் சேர்த்தபோது கணினியில் நகர்ந்த மேகமும் கேமராவில் நகர்ந்த பனியும் நன்றாகவே ஒத்துப்போயின. சின்னச் சரிவும் ஒரு புதர் வரிசையும் மேகத்தின் வடிவத்தை இவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதை நிகழ்வுக்கு முன் யாரும் தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, அதைவிட முக்கியமானது. காற்றில்லாத நேரத்தில் மேகம் போகப் போகக் கலையவில்லை. டைக்கை விட்டு இறங்கிய பிறகு, மேலே உள்ள காற்றோடு கலப்பதற்கான கொந்தளிப்பு மிகக் குறைவு. கனமான அடுக்கு கீழே, லேசான காற்று மேலே என்று இருப்பதால் அடுக்கே கலப்பைத் தடுக்கிறது. ஆக, 20 மீட்டரில் எரியக்கூடிய மேகம் 200 மீட்டரிலும் எரியக்கூடியதாகவே இருந்தது. தூரம் போனால் நீர்த்துப்போகும் என்ற நம் இயல்பான நம்பிக்கை இங்கே செல்லாது.

வேலிக்கு இன்னொரு பங்கும் இருந்தது என்பது வெடிப்பை ஆராய்ந்தவர்களின் முடிவு. தீச்சுடர் புதருக்குள்ளும் மரக்கிளைகளுக்குள்ளும் புகுந்தபோது கொந்தளித்து வேகம் பிடித்தது. பின்னர் இங்கிலாந்தின் ஸ்பேடடம் சோதனைத் தளத்தில் மரங்களை வரிசையாக வைத்து, வாயுக் கலவையை நிரப்பிப் பற்ற வைத்துப் பார்த்தபோது சுடர் பெருவெடியாகவே மாறியதைக் கண்டார்கள். மேகத்தைத் தேக்கி வைத்த அதே புதர்தான் அதை வெடிக்கவும் வைத்தது.

பிறகு நடந்தவை

விசாரணை வாரியத்தின் இறுதி அறிக்கை 2008இல் வந்தது. 2010இல் ஐந்து நிறுவனங்களுக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. தனித்து இயங்கும் உயர்மட்டப் பாதுகாப்பு, கிடங்குகளைச் சுற்றிய நிலப் பயன்பாடு பற்றிய புதிய வழிகாட்டல்கள் ஆகியவை எல்லாம் நடந்தன. மேகக் கணக்கு வேலையிலிருந்து, காற்றில்லாத நேரத்தில் வழியும் டேங்கின் மேகம் எவ்வளவு தூரம் எட்டும் என்று மதிப்பிட ஓர் எளிய முறையும் கிடைத்தது. ஒவ்வொரு கிடங்கும் சிஎஃப்டி செய்ய முடியாது என்பதால் அது பெரிய உதவி.

ஆனால் 2009 அக்டோபர் 29 மாலை, ஜெய்ப்பூருக்கு அருகே சீதாபுராவில் இருந்த எண்ணெய் முனையத்தில் ஏறக்குறைய இதே கதை நடந்தது. காற்று அசையாத நேரம். பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகக் கசிந்தது. மேகம் வளாகம் முழுக்கப் பரவி வெடித்தது. அங்கே 11 பேர் இறந்தார்கள். பின்னாளில் உலகம் முழுக்க நடந்த பெரிய ஆவி மேக வெடிப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் பெரும் பங்கு காற்றில்லாத அல்லது மிக மெல்லிய காற்றுள்ள நேரங்களில் நடந்தவை என்று தெரிந்தது. பன்ஸ்ஃபீல்டை அபூர்வ விபத்து என்று ஒதுக்க இனி வழியில்லை.

இன்று செய்தால் எதை மாற்றிச் செய்வேன்

நம் நாட்டு அபாய மதிப்பீட்டு அறிக்கைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது: நொடிக்கு 2 மீட்டர் காற்று, எஃப் வகை நிலைத்தன்மை (கொந்தளிப்பு மிகக் குறைந்த இரவு நேரக் காற்று நிலை), அதுதான் மிக மோசமான நிலை என்று ஒரு வரி, அடுத்த பக்கத்தில் தட்டையான தரையில் முட்டை வடிவில் ஒரு கோடு. மென்பொருள் கொடுத்ததை அப்படியே ஒட்டியிருப்பார்கள். அந்த முட்டைக்குள் டைக் சுவர் இருக்காது, மதில் இருக்காது, மழைநீர் வடிகால் இருக்காது. காற்றில்லாத இரவு அந்த அறிக்கையில் நடக்கவே நடக்காது. நானும் ஆரம்பத்தில் அப்படி எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

இப்போது கணக்கைத் தொடங்கும் முன் தளத்தை நடந்து பார்க்கிறேன். கையில் ஒரு மட்டக் கருவி, ஒரு அளவு நாடா. மதில் எங்கே திறந்திருக்கிறது, கேட்டுக்கு அடியில் எத்தனை சென்டிமீட்டர் சந்து, வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது, வேலியில் சீமைக் கருவேலம் எவ்வளவு அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொள்கிறேன். பூஜ்யக் காற்றுக்கு ஒரு ஓட்டம் கட்டாயம். வேலியோடு ஒன்று, வேலி இல்லாமல் ஒன்று. தடைகளுக்குப் பக்கத்தில் கட்டங்களைச் சிறிதாக்குவதோடு தரையை ஒட்டிய முதல் 2 மீட்டருக்குள் போதுமான அடுக்குகளையும் வைக்கிறேன். மேகம் முழுக்க வாழ்வது அங்கேதான், அதை ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டால் கணக்கு முழுக்கப் பொய்.

கடைசியாக, மேகம் எட்டும் இடத்துக்குள் தானாக ஓடத் தொடங்கும் எந்தக் கருவி இருக்கிறது என்று தனியாக ஒரு பட்டியல் எடுக்கிறேன். தீயணைப்பு பம்ப், அவசர ஜெனரேட்டர், கேட்டை இயக்கும் மோட்டார். வாயு உணர்விகளை எங்கே வைப்பது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். உணர்வி வைக்கும் உயரத்தில் எனக்கும் தள மேலாளர்களுக்கும் அடிக்கடி வாக்குவாதம் நடக்கும். பராமரிக்க வசதி என்று அவர்கள் தலை உயரத்தில் கேட்பார்கள். நான் முழங்கால் உயரத்தில், வேலி தேக்கி வைக்கும் மூலையில் கேட்பேன்.